புதுப்பிப்பு: என் அரிய தாதுவுக்கு நம்பும்படியான கதை கிடைத்துவிட்டது

என் கற்பனை உலகின் 'நிழற்கல்' தாதுவுக்கு நம்பும்படியான பின்கதை கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, கோபால்ட் என்ற உலோகத்துக்குப் பெயர் வந்த கதையைப் பின்பற்றும் யோசனைதான். ஜெர்மன் சுரங்கத் தொழிலாளிகள் கோபால்ட் தாதுவை உருக்கியபோது வெள்ளி வரவில்லை, ஆர்செனிக் நச்சுப்புகைதான் வந்தது. 'கோபோல்ட்' என்ற குட்டிச்சாத்தானின் வேலை என்றார்கள். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. நிக்கல் பெயரும் இப்படி வந்ததுதான். 1751-இல் சுவீடன் வேதியியலாளர் குரோன்ஸ்டெட் நிக்கலைப் பிரித்தெடுத்தார்.

சரி என்று, நிழற்கல்லுக்கு முதலில் வைத்திருந்த 'தெய்வம் தந்த கல்' கதையைத் தூக்கிவிட்டேன். ஆர்செனிக் புகை பூண்டு போல நாறும். இப்போது என் கதையில், சட்டையில் பூண்டு வாடை அடித்தால் உலைக்காரனை மனைவி வாசலிலேயே நிறுத்திவிடுகிறாள்.

எதிர்பாராதது ஒன்று: தாது ஏன் அரிது என்பதற்கும் விடை கிடைத்தது. கல் மலை முழுக்கக் கிடக்கிறது. சாகாமல் உருக்கத் தெரிந்தவை மூன்றே குடும்பங்கள்.