ஹாங்சோ ஏரிப்பக்கம் போனவங்க இருக்கீங்களா? உங்க கதையையும் போடுங்க

மதுரைல ஃபேன்ஸி ஸ்டோர் வச்சிருக்கேன், வருஷத்துக்கு ரெண்டு தடவ சீனாவுல யிவூ மார்க்கெட்டுக்கு சரக்கெடுக்கப் போவேன், க்ளிப்பு வளையல் ஹேர்பேண்டுன்னு நாலு நாள் நடந்தே கால் வீங்கிடும். போன தடவ ஒரு நாள் மிச்சம் இருந்துச்சு, புல்லட் ட்ரெயின்ல ஒரு மணி நேரங்கூட ஆகாது ஹாங்சோ, சரி அந்த மேற்கு ஏரியத்தான் பாத்துருவோமேன்னு கெளம்பிட்டேன்.

இத்தன வருஷமா அவங்க ஒரு யுவான் நோட்ட எண்ணி எண்ணிக் குடுத்திருக்கேன், பின்பக்கம் இருக்குற படம் இந்த ஏரிதான்னு அங்க போய்தான் தெரிஞ்சுது. ஏரிய சுத்திப் பாக்க டிக்கெட் கெடையாது, போட்டுக்குதான் காசு. ஏரிக்கு குறுக்க 2.8 கி.மீ. நீளத்துக்கு ஒரு கரை, அதுல ஆறு கல் பாலம். சு தோங்போன்னு ஒரு கவிஞர் 1089ல இங்க அதிகாரியா வந்திருக்காரு, ஏரி பூரா புல்லு மண்டிக் கெடக்கேன்னு தூர் வாரச் சொல்லி, அள்ளுன சேத்த அப்படியே கரையா போட்டுட்டாரு. நம்மூரு கண்மாயில தூர் வாருன மண்ணு எங்க போகும்னு சொல்லணுமா என்ன 😀

விஷயம் அதில்ல. காலைல ஏழு மணி இருக்கும், ஒரு பெரியவர், எழுபதுக்கு மேல, மாப்பு குச்சி நீளத்துக்கு பிரஷ்ஷு, நுனியில ஸ்பான்ஞ்சு, பக்கத்துல வாய வெட்டுன தண்ணி பாட்டில். முக்கி முக்கி கல்லுத் தரையில எழுதிட்டே போறாரு, மூணாவது வரி எழுதையில மொத வரி காஞ்சு போச்சு, அவரு திரும்பிக்கூட பாக்கல. என்னப் பாத்து "யின்து?"ன்னாரு, இந்தியாவான்னு கேக்குறாரு, தலையாட்டுனேன், உடனே பிரஷ்ஷ நீட்டிட்டாரு. நான் கையால எழுதியே ரொம்ப நாளாச்சு, கடையில பில்லெல்லாம் கம்ப்யூட்டர்தான், ஒரு வழியா "மதுரை"ன்னு கோணலா எழுதுனேன். அவரு குனிஞ்சு உத்துப் பாத்துட்டு பக்கத்துலயே அத எழுதுனாரு, நாம ஒரே இழுப்புல போடுற "ம"வ மூணு தடவ பிரஷ்ஷ எடுத்து எடுத்து பொட்டி மாதிரி கட்டுனாரு. ஆனா "ரை"ல அந்த சுழி வரவே இல்ல, ரெண்டு தடவ அழிச்சாரு, அழிக்கிறது என்ன, காய விட்டாரு.

*

அண்ணே உங்களுக்கு யோகம். நாங்க அக்டோபர் 1, அவங்க தேசிய தின லீவுல போய் மாட்டிக்கிட்டோம், அந்த வாரம் மட்டும் யாரும் போயிராதீங்க. உடைஞ்ச பாலம்னு ஒண்ணு இருக்குல்ல, பேருதான் அப்படி, நல்லாத்தான் இருக்கு, அதுல சித்திரத் திருவிழா கூட்டம், நாம நடக்க வேணாம், தள்ளிட்டே போயிருவாங்க. வெள்ளப் பாம்பு பொண்ணா வந்து ஒருத்தனப் பாத்து ஆசப்பட்டது அந்தப் பாலத்துலதானாம், அப்புறம் அவள லெய்ஃபெங் கோபுரத்துக்கு அடியில அடச்சுட்டாங்கன்னு கத. பழைய கோபுரம் 1924ல இடிஞ்சே போச்சு, காரணம் கேட்டீங்கன்னா சிரிப்பீங்க, செங்கல்லு ராசின்னு ஆளாளுக்கு உருவிட்டுப் போயிருக்காங்க! இப்ப இருக்குறது 2002ல கட்டுனது, ஏறுறதுக்கு எஸ்கலேட்டர். என் மாமியாருக்கு ஊரு பூரா அது ஒண்ணுதான் புடிச்சுது.

இன்னொண்ணு, போன்ல சார்ஜ் இல்லாம வெளிய போகாதீங்க. அங்க எல்லாமே க்யூஆர் ஸ்கேன்தான், எனக்கு சாயங்காலம் போன் செத்துப்போச்சு, பவர் பேங்க் வாடகைக்கு எடுக்கலாம்னா அதுக்கும் போன்ல ஸ்கேன் பண்ணணும். எங்க போய் முட்டிக்க?

*

லிங்யின் கோயில விட்டுட்டீங்களே ரெண்டு பேரும். அத ஆரம்பிச்சதே நம்ம நாட்டுல இருந்து போன ஒரு பிக்குதான்னு சொல்றாங்க, நாலாம் நூற்றாண்டுல. எதிர்ல இருக்குற குன்றப் பாத்து, இது எங்க ஊரு மலையாச்சே, எப்ப இங்க பறந்து வந்துச்சுன்னு கேட்டாராம், இன்னிக்கும் அதுக்கு பறந்து வந்த மலைன்னுதான் பேரு. பாறையில வரிசையா சிலைங்க, அதுல தொந்திய தள்ளிட்டு சிரிக்கிற புத்தர் ஒருத்தர், அவரு முன்னாடிதான் செல்ஃபி கூட்டம். சரி அண்ணே, அந்த வினிகர் மீன் சாப்பிட்டீங்களா?

*

அத ஏன்யா ஞாபகப்படுத்துற. முழுப் புல்கெண்டைய வேக வச்சு, மேல இனிப்பும் புளிப்புமா கொழகொழன்னு ஒரு கொழம்பு ஊத்தி, தலையோட தட்டுல வச்சான். காரம்னு மருந்துக்குக்கூட இல்ல. ஒரு வாய் வச்சேன், பேக்ல எங்க வீட்டு பருப்புப்பொடி இருந்துச்சு, வெறும் சோறு வாங்கிப் பெசஞ்சு அடிச்சுட்டு வந்துட்டேன்.