கிளாரன்ஸ் கிளெமன்ஸ்: அந்தச் சாக்ஸபோனை நீங்கள் எங்கே கேட்டீர்கள்?

எடிசன், நியூ ஜெர்சி

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஈ ஸ்ட்ரீட் பேண்ட் என்னும் குழுவில் 1972 முதல் டெனர் சாக்ஸபோன் (ஆல்ட்டோவைவிடத் தாழ்ந்த ஒலியுள்ளது) வாசித்த கிளாரன்ஸ் கிளெமன்ஸை, 2009ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஜயண்ட்ஸ் அரங்கத்தில் நேரில் கேட்கும் பேறு எனக்கு வாய்த்தது. இடிக்கப்படவிருந்த அந்த அரங்கத்தின் கடைசிக் கச்சேரிகளுள் ஒன்றான அன்று, 'பார்ன் டு ரன்' ஆல்பத்தின் எட்டுப் பாடல்களையும் வரிசை மாறாமல் இசைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 67. இரண்டு முழங்கால்களுக்கும் மாற்று அறுவை சிகிச்சை நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. தமக்கென மேடையில் போடப்பட்டிருந்த நாற்காலியில் இடையிடையே அமர்ந்துகொண்ட அவர், 'ஜங்கிள்லேண்ட்' பாடலின் நடுப்பகுதி வந்தபோது எழுந்து நின்று, இரண்டு நிமிடங்களுக்கும் மேல் நீளும் அந்தச் சோலோவை (தனி வாசிப்பை) வாசித்தார். என்னைச் சுற்றியிருந்தவர்கள் அந்தச் சோலோவைச் சொற்களே இல்லாமல் கூடவே பாடினார்கள். எந்தச் சுரம் எங்கே நீளும், எங்கே மூச்சு விடப்படும் என்பது அவர்களுக்கு மனப்பாடமாக இருந்தது.

1975இல் நியூயார்க்கில் அதைப் பதிவு செய்தபோது, ஸ்பிரிங்ஸ்டீன் ஒவ்வொரு துண்டாகச் சொல்லச் சொல்ல 16 மணி நேரம் வாசித்ததாகக் கிளெமன்ஸ் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அப்படிச் செதுக்கிய ஒன்றை முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு சுரம்கூட மாற்றாமல் வாசித்தது கற்பனைக் குறைவு என்று சிலர் கருதலாம். கேட்பவரின் நினைவில் தங்கிவிட்ட ஒன்றை அவருக்கு அப்படியே திருப்பித் தரும் மரியாதையாகத்தான் நான் அதைக் காண்கிறேன்.

அந்த ஆல்பத்தின் உறையைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்கள் ஒருமுறையாவது பாருங்கள். முன்பக்கத்தில் கிட்டாருடன் சிரிக்கும் ஸ்பிரிங்ஸ்டீன் யாரோ ஒருவரின் தோளில் சாய்ந்திருப்பார். உறையை முழுவதும் விரித்தால்தான் அந்தத் தோளுக்குரியவர் சாக்ஸபோன் ஊதிக்கொண்டிருக்கும் கிளெமன்ஸ் என்பது தெரியும். எரிக் மியோலா எடுத்த படம் அது. வெள்ளையரும் கறுப்பரும் அடங்கிய ஒரு ராக் குழு தன்னை இப்படி அறிமுகப்படுத்திக்கொள்வது அன்றைய அமெரிக்காவில் சிறிய செய்தியன்று.

டொராண்டோ

ஐயா எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனெனில் நான் டெனர் சாக்ஸபோன் பயில்பவன். அந்தச் சோலோவின் சுரங்களைக் கண்டுபிடிப்பது கடினமன்று. ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் அவ்வளவு நேரம், அவ்வளவு கனத்துடன், ஒலி மெலியாமல் தாங்கிப் பிடிப்பதற்கு அடிவயிற்றிலிருந்து வரும் மூச்சு வேண்டும். விரைவாக விரலோட்டும் பலர் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். 'கிரவுல்' எனப்படும் உறுமலும் அவருடைய வாசிப்பில் முக்கியமானது. ஊதிக்கொண்டே தொண்டைக்குள் வேறொரு சுரத்தை முனக வேண்டும். இரண்டும் மோதும்போது ஒலி கரகரவென்று உடையும். எனக்கு அது பிடிபடும் வரை வீட்டில் இருந்தவர்கள் மிகவும் பொறுத்துக்கொண்டார்கள்.

இந்த உறுமல் அவருக்குக் கிங் கர்ட்டிஸ் என்ற சாக்ஸபோன் கலைஞர் வழியாக வந்தது. கிளெமன்ஸின் தந்தை மீன் வியாபாரி; ஒன்பது வயது மகன் கிறிஸ்துமஸுக்குப் பொம்மை ரயில் கேட்டபோது ஆல்ட்டோ சாக்ஸபோனை வாங்கிக் கொடுத்தார். பின்னாளில் கிங் கர்ட்டிஸின் இசையைக் கேட்டே கிளெமன்ஸ் டெனர் பக்கம் திரும்பினார். பாடகி அரீத்தா ஃபிராங்ளினின் 'ரெஸ்பெக்ட்' பாடலில் வரும் சாக்ஸபோன் கர்ட்டிஸுடையது. 1971 ஆகஸ்டில், 37 வயதில், நியூயார்க்கில் தம் வீட்டு வாசலில் அவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில்தான் ஆஸ்பரி பார்க் நகரின் ஒரு மதுக்கூடத்தில் கிளெமன்ஸ் முதன்முதலாக ஸ்பிரிங்ஸ்டீனுடன் வாசித்தார். கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசையின் அந்தக் குரல் ராக் இசைக்குள் தொடர்ந்து ஒலித்ததில் கிளெமன்ஸின் பங்கு மிகப் பெரியது என்பது என் உறுதியான எண்ணம்.

கோயம்புத்தூர்

நான் இவரைத் தலைகீழாக அறிந்தவள். கல்லூரி நாட்களில் லேடி காகாவின் 'தி எட்ஜ் ஆஃப் குளோரி' காணொளியில், படிக்கட்டில் அமர்ந்து ஊதும் முதியவர் யார் என்று தேடினேன். அவர் 2011 ஜூன் 18 அன்று, பக்கவாதத்தால் தாக்குண்ட சில நாட்களில் காலமாகியிருந்தார் என்றும், காணொளி வெளிவந்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன என்றும் அறிந்தபோது மனம் கனத்துப் போனது. அங்கிருந்து பின்னோக்கிச் சென்று, 1985இல் அரீத்தாவுக்காக அவர் வாசித்த 'ஃப்ரீவே ஆஃப் லவ்' பாடலையும், அதன் பிறகே 'ஜங்கிள்லேண்ட்' பாடலையும் கேட்டேன். ஐயா, அவருக்குப் பின் அந்தச் சோலோவை யார் வாசிக்கிறார்கள்?

எடிசன், நியூ ஜெர்சி

அவருடைய தம்பி மகன் ஜேக் கிளெமன்ஸ் வாசிக்கிறார், அம்மா. ஆனால் 2012 சுற்றுப்பயணத்தில் ஒருவரை மட்டும் அந்த இடத்தில் நிறுத்தாமல், ஜேக் உட்பட ஐவர் கொண்ட ஊதுகருவிக் குழுவையே அமைத்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் மெட்லைஃப் அரங்கத்தில் நானும் இருந்தேன். 'டென்த் அவென்யூ ஃப்ரீஸ்-அவுட்' பாடலில் கிளெமன்ஸ் குழுவில் சேர்ந்ததைச் சொல்லும் வரி வந்ததும் இசையை நிறுத்திவிட்டார்கள். திரையில் அவருடைய படங்கள் ஓட, கூட்டத்தின் ஆரவாரம் அடங்கவே இல்லை. 'ஜங்கிள்லேண்ட்' பாடலையோ, அவர் மறைந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு, 2012 ஜூலை 28 அன்று சுவீடனின் கோதன்பர்க் நகரில்தான் மீண்டும் வாசித்தார்கள். அன்று ஜேக் தம் பெரியப்பாவின் சோலோவைப் புதுப்பிக்க முயலாமல் அவர் வாசித்தபடியே வாசித்தார். அவருக்கு அப்போது வயது 32. 2016 அல்லது 2023 பயணங்களில் ஜேக்கை நேரில் கேட்ட அன்பர்கள் இங்கே இருந்தால், அந்தச் சோலோ எப்படி இருந்தது என்று அவசியம் எழுதுங்கள்.