ஜார்ஜ் கோட்டையின் பழைய ஓவியத்தில் கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே?

கேள்வி:
ஜார்ஜ் லாம்பர்ட், சாமுவேல் ஸ்காட் இருவரும் 1731 வாக்கில் வரைந்த சென்னைக் கோட்டை ஓவியத்தின் பிரதியைப் பார்த்தேன். முன்னால் பெரிய கப்பல்கள், பின்னால் கோட்டை, மதிலுக்கும் தண்ணீருக்கும் நடுவே கொஞ்சம் மணல். இப்போது போய் நின்றால் கோட்டைக்கு எதிரே ராஜாஜி சாலை ஓடுகிறது, அதைத் தாண்டியும் நிலம் கிடக்கிறது. அழகுக்காகக் கடலைப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார்களா? படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில் 1:
கடல் விஷயத்தில் தாராளமாக நம்பலாம். அன்றைக்கு அலை கோட்டைக்கு அவ்வளவு பக்கத்தில்தான் அடித்தது. நம் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1870களின் நடுவில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் சுவரில் முட்டித் தெற்குப் பக்கமாகச் சேர்ந்தது. கோட்டை முன்னாலும் மெரினாவிலும் கரை அகன்றது அப்படித்தான். வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வரத்து நின்றுபோய்க் கடல் கரையைத் தின்றது. அங்கே வீடு இழந்த மீனவர்களைக் கேட்டால் இந்தக் கதையின் மறுபாதியைச் சொல்வார்கள்.

பதில் 2:
கடல் சரி, கட்டடங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வரைந்த இருவருமே இந்தியாவுக்கு வந்ததில்லை. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகத்தில் மாட்டுவதற்காக பம்பாய், தலச்சேரி, கல்கத்தா என்று ஆறு இடங்களை வரைந்து கொடுத்தார்கள், அதில் சென்னையும் ஒன்று. நிலக்காட்சி லாம்பர்ட் வேலை, கப்பல்கள் ஸ்காட் வேலை. கம்பெனி முதலாளிகள் பார்த்துப் பெருமைப்பட வேண்டிய படம் என்பதை மறக்கக் கூடாது. அப்புறம், இன்று நீங்கள் பார்க்கும் மதில்களில் பெரும்பகுதி, 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து 1749ல் திருப்பிக் கொடுத்த பிறகு விரிவாக்கிக் கட்டியது. அதனால் படத்தில் இருப்பதும் நேரில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால் ஓவியரை மட்டும் குறை சொல்ல முடியாது.

பதில் 3:
நான் இந்த மாதிரிப் படங்களில் முதலில் பார்ப்பது வலது ஓரத்தை. கடலிலிருந்து பார்ப்பதால் வலது பக்கம் வடக்கு, அங்கேதான் பழைய கருப்பர் நகரம் கோட்டையை ஒட்டி இருந்தது. கம்பெனிக்காகத் துணி வாங்கி விற்றவர்கள், வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த துபாஷிகள், கூலிக்காரர்கள் எல்லாரும் வாழ்ந்த ஊர். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பகுதியை இடித்தார்கள், மிச்சத்தை, பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்று ஆங்கிலேயர்களே இடித்தார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதில் போய்விட்டது, பிறகுதான் பூக்கடைப் பக்கம் புதிதாகக் கட்டினார்கள். இன்று அந்த இடத்தில் உயர் நீதிமன்றம் நிற்கிறது. ஒரு ஊரையே துடைத்து எடுத்திருக்கிறார்கள், நாம் கோட்டை மதிலை மட்டும் ரசித்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நேரில் வந்து பார்த்து வரைந்த படம் ஏதாவது உண்டா?

பதில் 4:
தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் வரைந்ததைத் தேடுங்கள். தாமஸும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1790களின் தொடக்கத்தில் சென்னைக்கே வந்தவர்கள். தென்கிழக்கிலிருந்து கோட்டையைக் காட்டும் அவர்களுடைய படம் 1797ல் அச்சில் வந்தது. அதில் அலையைக் கவனியுங்கள். துறைமுகம் இல்லாத காலம், கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். ஆளும் சரக்கும் கரை சேர மசூலா படகுதான். இரும்பு ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு, அதனால்தான் அலை அடிக்கும்போது உடையாமல் வளைந்துகொடுத்தது. கவர்னரே வந்தாலும் நம் படகோட்டிகளை நம்பித்தான் கரையேற வேண்டும்.