மறு: எக்சிகியூட்டிவ் அசிஸ்டென்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

கேள்வியைக் கேட்டுவிட்டு நான்கு நாளாக நான் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். ஓசூர் ஆலையில் தணிக்கை நடந்துகொண்டிருந்தது. இன்று ஞாயிறு. எல்லா மடல்களையும் முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

எதற்காகக் கேட்டேன் என்பதை முதல் மடலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் அலுவலகம் பெங்களூரு கோரமங்கலாவில் இருக்கிறது, ஆலை ஓசூரில். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிவிட்டால் எல்லாம் தமிழ்தான். ஆலை வாசலில் யார் எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று ஒரு பலகை வைக்கப் போகிறார்கள். நிறுவனர், ஆலை மேலாளர், தரக் கட்டுப்பாட்டு அலுவலர் என்று எல்லோருக்கும் சொல் கிடைத்துவிட்டது. என் பெயருக்கு நேரே மட்டும் "எக்சிகியூட்டிவ் அசிஸ்டென்ட்" என்றே தமிழ் எழுத்தில் அடித்து அனுப்பியிருந்தார்கள். மனசு கேட்கவில்லை. 9 ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலைக்கு என் மொழியில் ஒரு பெயர் வேண்டும்.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

> "நிர்வாக உதவியாளர்" போதுமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு ஒருவராகப் புரியும். வருகைப் பதிவு பார்ப்பவர், அச்சுத்தாள் தீர்ந்தால் வாங்கி வைப்பவர், ஏசி பழுதானால் ஆள் கூப்பிடுபவர் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார். அந்தப் பெயர் அவருக்குத்தான் பொருந்தும். அவர் அலுவலகம் முழுவதையும் பார்த்துக்கொள்கிறார். நான் ஒருவருடைய நேரத்தையும் முடிவுகளையும் பார்த்துக்கொள்கிறேன்.

> செயற்பொறியாளர், செயல் அலுவலர் இரண்டும் வழக்கில் உள்ளன. அந்த வரிசையில் "செயல் உதவியாளர்" எனலாம்.

ஐயா காட்டிய வழி முறையானது. பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளர் (எக்சிகியூட்டிவ் இன்ஜினியர்) இருக்கிறார், பேரூராட்சியிலும் கோயிலிலும் செயல் அலுவலர் இருக்கிறார். அங்கெல்லாம் "செயல்" என்பது அந்தப் பதவியில் இருப்பவரின் அதிகாரத்தைச் சொல்கிறது. எங்கள் பதவியில் அது யாருடைய செயல்? உதவுகிறவருடையதா, உதவி பெறுகிறவருடையதா? ஆங்கிலத்திலேயே இருக்கும் இந்தக் குழப்பத்தை நாமும் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன "நிறைவேற்று உதவியாளர்" என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. இலங்கையில் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி என்று எழுதுகிறார்கள் அல்லவா, அந்த நிறைவேற்று. எக்சிகியூட்டிவ் என்பதன் லத்தீன் வேர், ஒன்றைக் கடைசிவரை தொடர்ந்து போவதைக் குறிப்பது. என் வேலையின் பாதி அதுதான். ஆனாலும் தமிழ்நாட்டுக் காதில் "நிறைவேற்று" என்று விழுந்தால் ஏவலாகத்தான் கேட்கும். ஓசூரில் ஒருவர் அதைப் படித்தால் எதை நிறைவேற்றச் சொல்கிறார்கள் என்றுதான் கேட்பார்.

அப்புறம் "நேர்முக உதவியாளர்". உதவியாளர் என்ற சொல்லே தாழ்ந்தது என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மாவட்ட ஆட்சியரின் நேர்முக உதவியாளர் துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர், அவரை யாரும் சிறியவராக நினைப்பதில்லை. காந்தியிடம் 1943 முதல் 1948 வரை உதவியாளராக இருந்த வி. கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். 2021இல் சென்னையில் மறைந்தார். உதவியாளர் என்றே எழுதினாலும் அவர் மதிப்பு குறையவில்லை. என் தயக்கம் "நேர்முகம்" என்பதில்தான். இன்றைய பிள்ளைகளுக்கு அது நேர்முகத் தேர்வு. "அந்தரங்கச் செயலாளர்" பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் கண்ணியமான சொல்லாக இருந்தது, இன்று பலகையில் எழுத முடியாது. "நிறுவனச் செயலர்" கூடவே கூடாது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி நிறுமச் செயலர் (கம்பெனி செக்ரட்டரி) என்று தனிப் பதவி இருக்கிறது, அதற்கென்று தேர்வு எழுதி வருகிறார்கள். அவரோடு குழப்பிவிடும்.

கன்னடத்தில் என்ன சொல்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். ஆப்த சஹாயக, ஆப்த கார்யதர்ஷி. அமைச்சர்களிடம் இருப்பவர்களுக்கும் இதே பெயர்தான். எனக்கு இதில் பிடித்தது அந்த "ஆப்த". நம்பி அருகில் வைத்துக்கொண்டவர் என்ற பொருள் முதலிலேயே வந்து நிற்கிறது. நாம் யோசித்த சொற்களில் அந்த நெருக்கம் இல்லை. பதவி என்ன, தரம் என்ன என்றுதான் சுற்றிச் சுற்றி வருகிறோம்.

ஆகவே, இந்த வேலை உண்மையில் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல் அதிலிருந்து வரட்டும்.

மூன்று ஆண்டுக்கு முன் நாங்கள் 60 பேர். புனேயில் ஒரு கிளை தொடங்க வேண்டும் என்று எங்கள் நிறுவனர் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று அவருக்கே பிடிபடவில்லை. பணமும் இருந்தது, ஆளும் இருந்தது. அவருடைய நான்கு வாரக் கேலண்டரை அச்செடுத்து, கொள்முதல் ஒப்புதலுக்குப் போன நேரத்துக்கு மட்டும் மஞ்சள் பூசி அவர் மேசையில் வைத்தேன். வாரத்துக்கு 11 மணி நேரம் வந்தது. 3,000 ரூபாய்க்கு போல்ட் வாங்கவும் அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. தொடங்கிய காலத்தில் நான்கு பேராக இருந்தபோது அதுதான் சரி. 60 பேர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. அந்த மஞ்சளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த திங்கட்கிழமையே, 50,000 ரூபாய் வரை ஆலை மேலாளரே முடிவெடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பாதி வேலைதான் அப்போது முடிந்தது. மிஞ்சிய நேரத்தை விட்டால் வேறு யாராவது வந்து நிரப்பிவிடுவார்கள். செவ்வாய், வியாழன் காலைகளைப் புனேவுக்கு என்று அடைத்துப் போட்டேன். அந்த நேரத்தில் யார் கேட்டாலும் இல்லை என்று சொன்னேன். பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்குக்கூட மாலை நேரம்தான் கொடுத்தேன். எட்டாவது மாதம் கிளை திறந்தது.

நிறுவனர் ஒருவர் ஒரு நிறுவனத்தை வளர்க்கும்போது முதலில் தீர்ந்துபோவது அவருடைய நாள்தான். வங்கியில் பணம் குறைந்தால் கணக்கர் சொல்வார். நேரம் குறைந்தால் சொல்வதற்கு ஒருவர் வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் எழுதி அன்றே அனுப்பி, தேதிக்கு இரண்டு நாள் முன்பே போன் செய்து கேட்பதும் எங்கள் பொறுப்பு. நிறுவனர் வாயால் சொன்னது வேலையாக மாறுவது அந்த இரண்டு நாளில்தான். சோழர் காலத்தில் இதற்கு முறையாகப் பதவியே இருந்திருக்கிறது. அரசன் வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் வாங்குபவர் திருமந்திர ஓலை, அதைச் சரிபார்ப்பவர் திருமந்திர ஓலை நாயகம். சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே நிற்கும் ஆட்கள். கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் இந்தப் பெயர்களைப் படிக்கும்போது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

சரி, இப்போது "உழையர்". இதை முன்வைத்த கோவை அம்மாவுக்கு என் நன்றி. உழை என்றால் பக்கம். அமைச்சு அதிகாரத்தில் 638ஆம் குறளில் அமைச்சரைக் குறிக்க வரும் சொல் "உழையிருந்தான்". அரசன் தானும் அறியாமல், அறிந்தவர் சொல்லையும் தள்ளிவிட்டாலும், உறுதியானதை எடுத்துச் சொல்வது பக்கத்தில் இருப்பவரின் கடமை என்பது அந்தக் குறள். அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009இல் திறந்த வள்ளுவர் சிலையைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். அம்மாவின் மடலைப் படித்த மறுநாள் அங்கே வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு முறை வாடிக்கையாளர் ஒருவர் பணத்தை மூன்று மாதம் இழுத்தடித்தபோது, எங்கள் நிறுவனர் இரவு பதினொரு மணிக்குக் கடுமையாக ஒரு மடல் எழுதி, அனுப்பிவிடு என்றார். "காலையில் ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பலாம் சார்" என்றேன். கோபப்பட்டார். காலையில் பாதியை அவரே அடித்தார். பணமும் வந்தது, அந்த வாடிக்கையாளர் இன்றும் எங்களோடு இருக்கிறார். உழையிருந்தான் என்ற சொல்லில் இந்த வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆனால் இன்று "உழையர்" என்று எழுதினால் உழைப்பவர் என்றுதான் படிப்பார்கள். அலுவலகத்தில் மூன்று பேரிடம் காட்டினேன், மூன்று பேரும் தொழிலாளி என்றார்கள். ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லியாக வேண்டிய சொல் பலகைக்கு ஆகாது. பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு சொல்லில் வைக்கலாம்.

நான் முன்வைப்பது: உடன்செயலர்.

உடன் இருப்பவர், உடன் நின்று செயலை முடிப்பவர். சோழர் கல்வெட்டுகளில் அரசனோடு இருந்தவர்களை உடன்கூட்டத்து அதிகாரிகள் என்கிறார்கள், ஆகவே பதவிப் பெயரில் உடன் வருவது நமக்குப் புதிதல்ல. உடன்பிறப்பு, உடன்படிக்கை என்று பேச்சிலும் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல். "உடன்செயலரிடம் கேட்டு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்", "உடன்செயலர் பணிக்கு ஆள் தேவை", "நிறுவனரும் உடன்செயலரும் நாளை ஓசூர் வருகிறார்கள்" என்று வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை.

வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது, இது இன்னொரு செயலர், துணைக்கு ஒரு செயலர் என்று பொருள்படாதா என்பது. அந்தப் பொருளுக்கு "இணை" என்ற முன்னொட்டு ஏற்கெனவே நிலைத்துவிட்டது. இணை நிறுவனர், இணைச் செயலர், இணை இயக்குநர் என்கிறோம். உடன் என்பது சும்மாதான் இருக்கிறது, நாம் எடுத்துக்கொள்ளலாம். வேறு ஊரிலிருந்து கணினி வழியாக இதே வேலையைச் செய்பவர்களை எப்படி உடன் என்பது என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி. "தொலை உடன்செயலர்" என்பது முரணாகத்தான் ஒலிக்கிறது. அவர்களுக்கு வேறு சொல் தேவைப்படலாம், அதைத் தனி இழையில் பேசுவோம்.

புதுச்சொல் ஒட்டாது என்பவர்களுக்கு ஒன்று. என் பெரியம்மா 1970களில் இங்கே ஒரு பொதுத்துறை ஆலையில் ஸ்டெனோவாக இருந்தவர். அவர் வீட்டில் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் என்றுதான் பேசுவார்கள். இன்று தட்டச்சு என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை, சுருக்கெழுத்துத் தேர்வு என்றுதான் விளம்பரமே வருகிறது. எழுதி எழுதித்தான் இந்தச் சொற்கள் ஒட்டின.

நேற்று ஆலைக்குப் போயிருந்தபோது, வாசலில் இருக்கும் காவலர் அண்ணனிடம் ஒரு தாளில் "உடன்செயலர்" என்று மட்டும் எழுதிக் காட்டி, இது யாராக இருக்கும் என்று கேட்டேன். எதற்காக என்று சொல்லவில்லை. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பெரியவங்க கூடவே இருந்து காரியம் பாக்கறவங்களா மேடம்?" என்றார்.

சேர்த்து எழுதுவதா, "உடன் செயலர்" என்று விட்டு எழுதுவதா என்பதில் மட்டும் எனக்குத் தெளிவு வேண்டும். விட்டு எழுதினால் உடனே என்ற பொருள் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அதனால் சேர்த்தே எழுதியிருக்கிறேன். இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பலகை எழுதுபவர் வியாழக்கிழமை வருகிறார். இதைவிட நல்ல சொல் புதன் இரவுக்குள் வந்தால் அதையே எழுதச் சொல்கிறேன்.

அன்புடன்,
கோரமங்கலாவிலிருந்து