மறு: மறு: பர்தேஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'சொர்க்கச்சோலை' என்றே வைக்கலாமே. தமிழ் பைபிளிலேயே 'பரதீசு' இருக்கிறதே.

ஐயா, சிக்கலே அங்கேதான். அந்தப் பரதீசு கிரேக்கம் வழியாக வந்தது. வருகிற வழியில் வானத்துக்கு ஏறிவிட்டது. எபிரேய பர்தேஸ் தரையில் நிற்கிற சொல், மதில் சூழ்ந்த தோப்பு. 'சுற்றிலும் சுவர்' என்று பொருள்படும் பழைய ஈரானியச் சொல்லிலிருந்து பிறந்தது. எபிரேய மறைநூலில் மூன்றே இடத்தில் வருகிறது. உன்னதப்பாட்டில் மாதுளை, பிரசங்கியில் பலவகைக் கனிமரம். நெகேமியாவில்தான் வேடிக்கை: எருசலேமுக்குப் புறப்படுகிறவர், அரசனின் பர்தேஸைக் காக்கும் ஆசாபுக்கு ஒரு கடிதம் கேட்கிறார். வேண்டியது பழமல்ல, கோட்டைக் கதவுக்கும் நகர மதிலுக்கும் தன் வீட்டுக்கும் மரம்! ஆக, 'பழத்தோட்டம்' என்பதும் அடிபட்டுப் போகிறது.

இன்றைய இஸ்ரேலில் பர்தேஸ் என்றால் ஆரஞ்சுத் தோப்பு. 1929இல் உருவான பர்தேஸ் ஹன்னா என்ற ஊரை 'ஹன்னா சொர்க்கம்' என்றா எழுதுவது?

என் பரிந்துரை: மதிற்கா. ஏதேன் தோட்டத்தைக் குறிக்கும் 'கன்' என்ற எபிரேயச் சொல்லின் வேருக்குக் காத்தல் என்று பொருள். நமக்கும் கா என்றால் சோலை, காத்தலும் உண்டு. (இரண்டும் ஒரே வேர் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.)

---

> என் பரிந்துரை: மதிற்கா

பொருள் பொருத்தம்தான், வாய்க்குள் நிற்கவில்லையே. 'மதிற்காவில்' என்று எழுதினால் பாதிப்பேர் 'மதில் காவல்' என்று படிப்பார்கள். மதிற்சோலை போதாதா?

சொர்க்கம் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், யூதர்களின் சட்ட, மரபு நூலான தல்மூதின் ஹகிகா பகுதியில் வரும் கதை. யூத அறிஞர் நால்வர் பர்தேஸுக்குள் நுழைகிறார்கள். பென் அஸ்ஸாய் பார்த்தார், இறந்தார். பென் ஸோமா பார்த்தார், சித்தம் கலங்கினார். பெயரைச் சொல்லாமல் 'அஹேர்', அதாவது 'வேறொருவன்' என்று குறிக்கப்படும் எலீஷா பென் அபூயா செடிக்கன்றுகளை வெட்டினார். ரபி அகிபா மட்டும் நலமாக வெளியே வந்தார். எலீஷா தன் நம்பிக்கையைக் கைவிட்டதைத்தான் கன்று வெட்டியதாகச் சொல்கிறார்கள் என்பது மரபான விளக்கங்களில் ஒன்று. கன்று இருக்க வேண்டுமானால் சோலை இருக்க வேண்டாமா?

---

மதிற்சோலைக்கு என் ஓட்டும். காவை விட்டுக்கொடுக்க மனமில்லைதான், போகட்டும்.

ஆனால் ஓரிடத்தில் எந்தச் சொல்லும் செல்லாது. 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் பர்தேஸை மறைநூல் வாசிப்பின் நான்கு நிலைகளுக்கு எழுத்துச் சுருக்கமாக்கினார்கள்: பெஷாத், ரெமெஸ், தெராஷ், சோத். எபிரேயத்தில் உயிர்க்குறி இல்லாமலும் எழுதலாம் என்பதால் முதலெழுத்து நான்கும் சேர்ந்தாலே சொல் வந்துவிடும். தமிழாக்கினால் அந்த விளையாட்டு செத்துவிடும். அங்கே மட்டும் பர்தேஸ் என்றே விட்டுவிடுவோம்.

நான்கில் மூன்றுக்குச் சொல் எளிது: நேர்ப்பொருள், குறிப்புப்பொருள், மறைபொருள். தெராஷ்தான் இடிக்கிறது. அதன் வேருக்குத் தேடுதல், வினவுதல் என்று பொருள். 'விரிவுரை' என்று போட்டால் கல்லூரி வாடை அடிக்கிறது. 'துருவுபொருள்' என்று எழுதிப் பார்த்தேன், தேங்காய்தான் நினைவுக்கு வருகிறது. யாராவது கைகொடுங்கள்.