உமி கார்பன், சூப்பர்கெப்பாசிட்டர்: உதவி வேணும்
வணக்கம் நண்பர்களே, சூப்பர்கெப்பாசிட்டர் (மின்சாரத்த வேகமா சேமிச்சு வேகமா வெளிய விடுற சாதனம்) எலக்ட்ரோடுக்கு, அதாவது மின்முனைக்கு, கார்பன் செய்ய நெல் உமிய முதல்ல 500 டிகிரில கரியாக்கி அப்புறம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து நைட்ரஜன் ஓட்டத்துல 800 டிகிரி வரைக்கும் சூடாக்கி ஆக்டிவேட் பண்றேன், அதாவது கரில நுண்ணிய துளைங்கள உண்டாக்குறேன். அந்த பொடிய மெத்திலீன் புளூங்கிற நீலச் சாயக் கரைசல்ல போட்டு கலக்கினா நீலம் போய் தண்ணி பளிச்சுனு ஆகிடுது, பார்க்கவே அவ்ளோ சந்தோஷம். ஆனா அதே பொடிய எலக்ட்ரோடா பூசினா கரண்ட்ட ஏத்த ஏத்த கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்த சேமிக்கிற திறன்) சரசரன்னு இறங்குது. 2 நானோமீட்டருக்கு கீழ உள்ள துளைங்கதான் நிறைய, அயனி வேகமா போய்வர அதைவிட பெரிய துளை பத்தலன்னு நினைக்கிறேன். உமில இருக்கிற சிலிக்காவ சோடியம் ஹைட்ராக்சைடுல கரைச்சு எடுக்கிறத கரியாக்குறதுக்கு முன்னாடி செய்யணுமா, பின்னாடியா? ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் ரொம்ப ஆபத்து, அது பக்கமே போகல. செஞ்சு பார்த்தவங்க கார (ஹைட்ராக்சைடு) விகிதமும் சேர்த்து சொல்லுங்க ப்ளீஸ்.