மழைநீரில் படிகாரம் போட்டும் கலங்கல் தெளியவில்லை, குடிக்கலாமா?

மாமரத்துவீடு (பட்டர்வொர்த்):
எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பெரிய குழாய் உடைந்ததால் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் லோரி நான் வேலையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வருகிறது. நேற்று மாலை நல்ல மழை. கூரையிலிருந்து விழுந்த தண்ணீரைப் பின்வாசலில் இருக்கும் நீல டோங்கில் (பிளாஸ்டிக் பீப்பாயில்) பிடித்து வைத்தேன். படிகாரக் கட்டியைத் துணியில் கட்டி நன்றாகக் கலக்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் சோறு வடித்த கஞ்சி போல அப்படியே இருக்கிறது. ஒரு கூஜாவில் மொண்டு, லிட்டருக்கு இரண்டு சொட்டு குளோராக்ஸ் (துணி வெளுக்கும் குளோரின் திரவம்) விட்டு அரை மணி நேரம் வைத்தேன். மருந்து வாடையே இல்லை. இதைக் குடிக்கலாமா? வீட்டில் மாமியாரும், புட்டிப்பால் குடிக்கும் ஐந்து மாதக் குழந்தையும் இருக்கிறார்கள்.

செந்தூல்காரன்:
அக்கா, இவ்வளவு யோசனை எதற்கு? இருபது நிமிடம் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கம்பத்தில் (கிராமத்தில்) எங்கள் பாட்டி ஆற்றுத் தண்ணீரையே அப்படித்தான் குடித்தார்.

பழைய ஆய்வுக்கூடம் (ஆயர் ஈத்தாம்):
தம்பி, இருபது நிமிடம் எரிவாயுவுக்கும் கேடு, தண்ணீருக்கும் கேடு. ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் போதும். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் இருப்பவர்கள்தான் மூன்று நிமிடம் வைக்க வேண்டும். பினாங்குக் கொடிமலைகூட அதில் பாதி உயரம் இல்லை.

அம்மா, குளோராக்ஸ் வாடை இல்லை என்றால் அந்தத் தண்ணீர் சுத்தமாகவில்லை என்று பொருள். கலங்கலில் இருக்கும் இலை மக்கு, தூசி, பறவை எச்சம் எல்லாம் சேர்ந்து குளோரினைத் தின்றுவிடுகின்றன. கிருமிக்கு மிச்சம் எதுவும் இல்லை. அதனால் முதலில் தெளிவு, பிறகுதான் மருந்து. அரை மணி நேரம் கழித்து மூக்கருகே கொண்டுபோனால் இலேசாக வாடை அடிக்க வேண்டும். புட்டியும் வாசனை சேர்க்காததாக, சோடியம் ஹைப்போகுளோரைட் ஐந்து, ஆறு விழுக்காடு என்று எழுதியதாக இருக்கட்டும். பூ மணம், எலுமிச்சை மணம் எல்லாம் தரை துடைக்க மட்டும். திறந்து நெடுநாளான புட்டிக்கு வீரியம் குறைந்திருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரை என்ன கூரை? மேலே மரம் இருக்கிறதா?

மாமரத்துவீடு:
தகரக் கூரை ஐயா. மேலே மாமரம், மரம் முழுக்க மைனா. மழை தொடங்கியதுமே டோங்கை வைத்துவிட்டேன்.

பழைய ஆய்வுக்கூடம்:
அந்த முதல் பத்து நிமிட மழைதான் கூரையைக் கழுவியது. அடுத்த மழையில் அதை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரையாக இருந்தால் குடிக்கவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

இனிப் படிகாரத்துக்கு வருகிறேன். படிகாரம் தானாக அழுக்கைப் பிடிப்பதில்லை. தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் என்ற உப்போடு சேர்ந்து பஞ்சு போன்ற திரள்களாக மாறுகிறது. அந்தத் திரள்கள்தான் அழுக்கை இழுத்துக்கொண்டு அடியில் படிகின்றன. ஆற்று நீரிலும் கிணற்று நீரிலும் பைகார்பனேட் இயல்பாகவே உண்டு. மழைநீர் கிட்டத்தட்ட காய்ச்சி வடித்த நீர் போன்றது, அதில் பைகார்பனேட் இல்லை. எத்தனை கட்டி போட்டாலும் புளிப்பு ஏறுமே தவிரத் திரளாது. தீர்வு உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது: சமையல் சோடா. அது பைகார்பனேட்தான்.

டோங்கில் செய்யாதீர்கள், ஏற்கெனவே போட்ட படிகாரத்தின் அளவு தெரியாது. படிகாரம் படாத மழைநீர் இருந்தால் 20 லிட்டர் வாளியில் எடுத்துக்கொள்ளுங்கள். கால் தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரையுங்கள். தனியே ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி படிகாரத் தூளைக் கரைத்து, அதில் அரை டம்ளர் மட்டும் வாளியில் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பிறகு ஐந்து பத்து நிமிடம் மெதுவாக, மிக மெதுவாகக் கலக்குங்கள். இங்கே அவசரப்பட்டால் சேர்ந்த திரள் உடைந்துவிடும். இரண்டு மணி நேரம் தொடாமல் விட்டு, மேல் தண்ணீரை மட்டும் மொண்டு, நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டிக் கொதிக்க வையுங்கள். கொதிக்க வைத்தால் குளோராக்ஸ் தேவையில்லை.

குழந்தைக்கு மட்டும் இந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கடைப் புட்டித் தண்ணீரில் 'குடிநீர்' (drinking water) என்று எழுதியதை வாங்குங்கள். கனிம நீர் (mineral water) வேண்டாம். அதன் உப்புச்சத்து புட்டிப்பாலுக்கு ஏற்றதல்ல. அந்தப் புட்டிக் குடிநீரையும் கொதிக்க வைத்துத்தான் பால் கலக்க வேண்டும்.

செந்தூல்காரன்:
ஐயா சொல்வது சரி. ஆனால் கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும் என்று இனி நானும் சொல்ல மாட்டேன். 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் ஆற்றில் இரசாயன நாற்றம் கலந்து சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்களே, அந்த மாதிரித் தண்ணீரை எத்தனை முறை கொதிக்க வைத்தால் என்ன?

மலையேறி (ஜார்ஜ்டவுன்):
தண்ணீர்மலைப் பக்கத்து ஓடைகளில் பிடித்து வரலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் கிருமி ஓடைகளில் இருக்கக்கூடும். கொதியில் அது செத்துவிடும். ஆனால் கால் நனைத்து நின்று பிடிக்கும்போது பாதத்து வெடிப்பு வழியாகவும் உள்ளே போகும். கூரைத் தண்ணீர் அதைவிட மேல்.

எரிவாயு தீர்ந்துவிட்டால்: ஒன்றரை லிட்டர் நிறமற்ற பிளாஸ்டிக் புட்டியில் தெளிந்த நீரை ஊற்றி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வையுங்கள். வானம் மூடியிருந்தால் இரண்டு நாள் ஆகும். மழை நாளில் இந்த வழி இல்லை. தெளிவு போதுமா என்று பார்க்க, புட்டியைத் தமிழ் நாளிதழின் மேல் நிமிர்த்தி வைத்து, வாய் வழியே உள்ளே பாருங்கள். தலைப்புச் செய்தியைப் படிக்க முடியவில்லை என்றால் மறுபடி வடிகட்டுங்கள்.

பிறைப் பெரியம்மா:
2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்ற நான்கு நாள் தண்ணீரை நிறுத்தினார்களே, அப்போது முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். குழாய் உடைந்தால் யார் சொல்லிவிட்டு உடைகிறது? குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தனியாக எடுத்து வை மகளே, அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரத்தின் முதல் கழுவல், அந்தத் தண்ணீரே கழிவறைக்கு. டோங்கை வலைத்துணியால் இறுக்கி மூடு. ஏழெட்டு நாளில் ஏடிஸ் கொசு பறக்கத் தொடங்கிவிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

மாமரத்துவீடு:
டோங்கை மூடிவிட்டேன் பெரியம்மா. ஐயா, பக்கத்து வீட்டில் கொஞ்சம் மழைநீர் வாங்கிச் சோடா போட்டுக் கலக்கினேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் திரள் தெரிந்தது, மேலே தெளிந்திருக்கிறது. குழந்தைக்குப் புட்டிக் குடிநீர் வாங்கியாயிற்று. இன்னொன்று: ஏர்கோன் குழாயில் சொட்டும் தண்ணீர் மிகத் தெளிவாக இருக்கிறதே, அதை மாமியாருக்குக் காய்ச்சிக் கொடுக்கலாமா?

பழைய ஆய்வுக்கூடம்:
வேண்டாம். அது செம்பு, அலுமினியச் சுருளில் பாசி பிடித்த இடத்தைத் தொட்டு வருகிறது. காய்ச்சினாலும் உலோகம் போகாது. கழிவறைக்கு ஊற்றுங்கள்.